வெள்ளைக்கல் பாத்தி

பின்பக்கத்து மோரியிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம் வந்தது. சடசடவென்று கல் கொட்டும் சத்தம். அதைத் தொடர்ந்து, சல்லடையில் போட்டு அலசும் கர்... கர்...

அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்த தெரசம்மாளின் கை நின்றது. விரல் இடுக்கிலிருந்து புளித்தண்ணீர் சொட்டியது.

"ஏங்க! மறுபடியுமா?"

கர்... கர்...

"நாளைக்குச் சம்பந்தியம்மா வாராக. அந்தத் தரையை இப்பத்தான் சலவைச் சோடாப் போட்டுத் தேச்சுட்டு வந்தேன். காதுல விழுதா?"

"விழுது, விழுது. கல்லுல என்னமோ அழுக்கு ஒட்டியிருக்கு தெரசு. அதான் கீரை மஞ்சளடிக்கு. நல்லா அலசிப் போட்டாச் சரியாயிரும்."

"மூணு வாரமா இதையேதான் சொல்லுதீக! அந்தத் தண்ணியில ஊர்த் துணியெல்லாம் துவைச்சிருப்பேன்!"

அவள் அழவில்லை. அழுவதற்குக்கூட உட்கார ஓர் இடம் வேண்டும். அந்த வீட்டில் இப்போது அதுவும் இல்லை.

1987 பிப்ரவரி மாதம். செம்பூரில் வரிசை வீடுகள் கொண்ட ஒரு பழைய சாலின் தரைத்தளத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். முன்னால் ஓர் அறை, அதன் பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் துணி துவைக்கவும் பாத்திரம் விளக்கவும் ஒரு மோரி. மோரியை ஒட்டி, காம்பவுண்டுச் சுவர்வரை பத்தடிக்கு நாலடி இடம். கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்த இருபத்தாறு வருஷத்தில் தெரசம்மாள் தனக்கென்று கேட்டு வாங்கியது அந்த இடம் ஒன்றைத்தான். துணி காயப்போட, வற்றல் காயப்போட, மாலையில் தலைவிரித்து உட்கார்ந்து ஈரம் உலர்த்த. ஆறு மாதமாக அங்கே மீன் குடியிருந்தது.

கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு விடும் மீன் அல்ல. ஜிலேபி மீன். நீல டிரம் ஒன்றில் எட்டு உருப்படி விட்டு இப்போது ஆறு மிச்சம். அதற்கு மேலே, இரும்புச் சட்டத்தில், நெடுக்காகப் பிளந்த இன்னொரு டிரம் தொட்டில் மாதிரிக் கிடந்தது. அதுதான் பாத்தி. அதில் ஓரடி ஆழத்துக்குக் கல், கல்லுக்குள் கீரை. மண் ஒரு பிடி கிடையாது. டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு கல்லின் மேல் ஊற்றவேண்டும். மீனின் கழிவு கல்லில் தங்கிக் கீரைக்கு உரமாகும். தெளிந்த தண்ணீர் அடித்துளை வழியாக மீனுக்கே திரும்பும்.

இதையெல்லாம் கொண்டுவந்து வைத்த அவள் கணவர் சூசைமாணிக்கம், டிராம்பே பக்கம் ஓர் உரத் தொழிற்சாலையில் பம்பு ஃபிட்டர். யூரியா லாரி லாரியாகக் கிளம்பும் இடத்தில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து மீன் கழிவை நம்பும் மனிதரை என்னவென்று சொல்வது? அமெரிக்கா போய்வந்த எஞ்சினீயர் ஒருவர் கொடுத்த நாலு பக்க ஜெராக்ஸ்தான் அவருக்கு எல்லாம். அதில் படம் அதிகம், எழுத்து குறைவு. பாத்தியில் 'சுத்தமான சரளைக்கல்' நிரப்பவும் என்று இருந்தது. எந்தக் கல் என்று இல்லை. அந்த ஒற்றை வரியில்தான் ஒரு குடும்பத்தின் நிம்மதி போயிற்று.

பம்பு ஃபிட்டர் வீட்டில் பம்பும் இல்லை. பழைய கூலரிலிருந்து கழற்றி வாங்கிய மோட்டார் இரண்டாம் நாளே புகைந்தது. அன்றிலிருந்து பம்பு தெரசம்மாள்தான். இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை இருபது குவளை.

பாத்தி அமைந்த கதை தனி. முதலில் துத்தநாகம் பூசிய தகரத் தொட்டி. ஒரே வாரத்தில் மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. அடுத்தது சிமென்ட் தொட்டி. பூச்சு ஆறுவதற்குள் தண்ணீர் விட்டார். இரண்டாவது தடவை வாங்கிய மீனும் போயிற்று. மூன்றாவது, ஆப்பிள் வந்த மரப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் தாள் விரித்தது. கல்லின் கனத்தில் பெட்டி வாய் பிளந்து, அடுப்படிவரை வெள்ளம். கடைசியில்தான் தாராவியில் பழைய டிரம் வியாபாரம் செய்யும் உதுமானிடம் போனார். கடையநல்லூர்க்காரர், இருபது வருஷப் பழக்கம்.

"அந்த வெள்ளை டிரம்மைக் குடுங்க பாய். பளபளன்னு இருக்கு."

"தொடாதீரும் ஓய்! அது சாயப்பட்டறையிலேர்ந்து வந்தது. ஏழு தண்ணி ஊத்திக் கழுவியாச்சு, இன்னும் மோந்து பாத்தா கண்ணு எரியுது. வெளிய பளபளன்னு இருந்தாப் போதுமா?"

"அப்ப இந்தக் கறுப்பு?"

"எண்ணெய் டிரம்மு. எண்ணெயில மீனைப் போட்டா அதுக்கு வளப்புன்னு பேரில்ல, பொரிப்புன்னு பேரு."

"வெளையாடாதீங்க பாய். புள்ளத்தாச்சிப் பொண்ணு திங்கற கீரை அதுல வெளையணும்."

உதுமானின் சிரிப்பு அடங்கியது. வீட்டுப் பக்கம் போய், இரண்டு நீல டிரம்களை உருட்டிக்கொண்டு வந்தார். "மாம்பழக் கூழ் வந்தது. எங்க வீட்டுலயே குடிதண்ணி பிடிச்சு வச்சிருந்தோம். எடுத்துட்டுப் போம். வீட்டுக்காரி சபுரா கேட்டா, நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிராதீரும்."

பாத்தி அமைந்தது, கல் அமையவில்லை. மாஹிம் கடற்கரை மணலை மூட்டையில் கொண்டுவந்தார். எத்தனை அலசியும் உப்புப் போகவில்லை. தண்ணீரும் கீழே இறங்காமல் சகதியாக நின்றது. செங்கல்லை உடைத்துப் போட்டார். அது கரைந்து, மீன் டிரம் செங்காவிக் குளமாயிற்று. பேக்கரி அடுப்புச் சாம்பல்கட்டியோடு வந்தபோது தெரசம்மாள் வாசலிலேயே குறுக்கே நின்றுவிட்டாள். பிறகு ரோடு போடும் கருங்கல் சல்லி. கறுத்து, முனை முனையாய், கையைக் கிழிக்கும் கல். அதில்தான் கீரை முதன்முதலாக நிமிர்ந்தது. பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை. அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. அதற்குக் காரணம் தெரசம்மாள்தான் என்பதை அவளே மறுக்கமாட்டாள்.

ஒரே மகள் அமலோற்பவத்தைத் தாராவியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், மூன்று மாதக் கருவோடு மசக்கைக்கு ஓய்வாக இருக்கத் தாய் வீட்டுக்கு வந்தாள். வந்த இடத்தில் மஞ்சள்காமாலை. பிள்ளை தங்கவில்லை, அவள் பிழைத்ததே பெரிது. இப்போது மறுபடியும் ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். ஆனால் சம்பந்தியம்மா சவரியம்மாள் மருமகன் மூலமாகச் சொல்லி அனுப்பிய வார்த்தை, ஆணியடித்த மாதிரி நெஞ்சில் இறங்கியது.

"வீட்டுக்குள்ள டிரம்மு டிரம்மாத் தண்ணியைத் தேக்கிக் கொசு வளக்காகளாமே. நான் வந்து என் கண்ணால பாக்கேன். மனசுக்குப் பட்டா விட்டுட்டு வருவேன். இல்லன்னா போன கையோட கூட்டிட்டு வந்துருவேன். ஒரு பேரப்பிள்ளையை அந்த வீட்டுல தொலைச்சது போதும்."

எந்தத் தாய் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள்? டிரம்மை எடுத்து எறியுங்கள் என்றாள். கணவர் அசையவில்லை. வாழ்க்கையில் எதற்கும் குரல் உயர்த்தாத மனிதர், இந்த ஒன்றில் மட்டும் பாறையாக நின்றார். "அமலி நம்ம கண்ணு முன்னால வெளைஞ்ச கீரையைத்தான் திங்கணும்" என்றார். ஏன் என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்.

"அப்ப அந்தக் கறுப்புக் கல்லையாவது மாத்துங்க" என்றாள். "பாக்கறவுக, வீட்டுக்குள்ள ரோடு போடுதாகளான்னு கேப்பாக. வெள்ளையா, பளிச்சுன்னு ஒரு கல்லாப் போடுங்க. ஒங்க பேப்பர்லயும் சுத்தமான கல்லுன்னுதான போட்டிருக்கு?"

அவர் போய் மூன்று மூட்டை வெள்ளைக் கல் கொண்டுவந்தார். பளிங்கு. மார்பிள் கடையில் சும்மாவே கொடுத்தார்கள் என்றார். பாத்தியில் நிரப்பியதும் கோயில் பீடம் மாதிரி இருந்தது. தெரசம்மாள் அன்றைக்குத்தான் ஆறு மாதத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

பத்தாம் நாள் கீரை வெளிறியது. நரம்பு மட்டும் பச்சை, இலை மஞ்சள். இரண்டு மீன் செத்தது. அவர் அழுக்கு என்று சொல்லி அலச ஆரம்பித்தார். அலச அலச மஞ்சள் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சவரியம்மாள் வந்துவிட்டாள். பெரிய உடம்பு, வாயில் வெற்றிலை, கடலோரத்துக் குரல். பின்னால் வயிற்றைப் பிடித்தபடி அமலி. அவள் துணிப்பை சவரியம்மாள் கையில்தான் இருந்தது. அதை அவள் கீழே வைக்கவில்லை.

"வாங்க மைனி, உக்காருங்க. காப்பி..."

"காப்பி கெடக்கட்டும். எங்க அந்த மீனு?"

உட்காரவில்லை, நேரே பின்பக்கம் நடந்தாள். டிரம் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள். இன்னொரு தடவை அள்ளினாள். தெரசம்மாள் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றாள்.

"கொசுப்புழு ஒண்ணுகூட இல்லியே!"

"மீனு தின்னுரும் மைனி. ஒண்ணையும் விடாது."

"ம்." சவரியம்மாளின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. பையை இன்னொரு கைக்கு மாற்றினாள். பிறகு பாத்திப் பக்கம் திரும்பினாள். "கீரைக்கு என்ன, மஞ்சக்காமாலையா?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய் விழுந்தது என்று அவளுக்கே தெரிந்தது. அமலி சுவரைப் பார்த்தாள். அந்த நிமிஷத்தைக் கடத்துவதற்காகச் சவரியம்மாள் பாத்தியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் புரட்டினாள்.

"இது என்ன கல்லுல எழுத்து? அமலி, நீ படி."

அமலி வாங்கிப் பார்த்தாள். வெட்டின எழுத்து, அதில் கறுப்பு மை. "இங்கிலீஷ். 'லவிங்'னு இருக்கு அத்தை. பாசமுள்ளன்னு அர்த்தம். அப்புறம் உடைஞ்சிருக்கு. கீழ பாதிச் சிலுவை."

தெரசம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"ஏங்க, மார்பிள் கடைன்னுதான சொன்னீக? என்ன மார்பிளு?"

"மாஹிம்ல... கல்லறைக்கல் வெட்டுற கடை."

"கல்லறையா!"

"இருக்குற கல்லறையில எடுக்கல தெரசு. இடம் பத்தாம ரெண்டு மூணு வருஷத்துல குழியைத் தோண்டி வேற ஆளுக்குக் குடுக்காகல்லா? எலும்பை எடுத்து மாடத்துல வச்சிருதாக. கல்லை எடுத்துட்டுப் போக ஆளு வரலன்னா உடைச்சுப் போட்டுருவாக. சும்மா கெடந்தது. எழுத்து இருந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்துட்டேன்னுதான் நெனைச்சேன்."

"நெனைச்சீகளா! செத்தவுக பேரு எழுதுன கல்லுல எம் பொண்ணுக்குக் கீரையா? ஒரு உசுரு வயித்துல இருக்கையிலயா? ஐயோ, நான் எங்க போய் முட்டிக்குவேன்!" தெரசம்மாள் கையிலிருந்த குவளை தரையில் உருண்டது. ஆறு மாத எரிச்சல், ஒன்றரை வருஷத் துக்கம், எல்லாம் அந்தக் குவளையோடு சேர்ந்து உருண்டது. "வெள்ளைக் கல்லு கேட்டேன், வேற எங்கயும் கெடைக்கலியா ஒங்களுக்கு?"

சவரியம்மாள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பையைத் தோளில் மாட்டினாள்.

"அமலி, செருப்பைப் போடு. போலாம்."

"அத்தை..."

"போடுன்னு சொன்னேன்."

அப்போதுதான் சூசைமாணிக்கம் தலையை நிமிர்த்தினார். கண் கலங்கியிருந்தது.

"கூட்டிட்டுப் போங்க சம்பந்தியம்மா. நான் தடுக்கல. ஒண்ணே ஒண்ணு. அங்க வச்சு, தண்டவாளத்து ஓரத்துல வெளையுற கீரையை மட்டும் அவளுக்கு வாங்கிக் குடுத்துராதீக. ஒங்க காலுல விழுந்து கேக்கேன்."

"அது என்ன பேச்சு? கீரைக்கும் காலுக்கும் என்ன?"

"அன்னைக்கு நான்தான் வாங்கிட்டு வந்தேன். அவ மசக்கையா வந்திருந்த பதினேழு நாளும், ஷிப்டு முடிஞ்சு வரும்போது ஸ்டேஷன் வாசல்ல தெனமும் ஒரு கட்டு. பச்சுன்னு இருந்தது. ரத்தம் ஊறும்னு வாங்குனேன். அவ ஆஸ்பத்திரியில கெடக்கையில டாக்டர் கேட்டாரு, கெட்ட தண்ணி எங்கயாவது பட்டுதான்னு. அன்னைக்குச் சாயங்காலம் ரயில்லேர்ந்து பாத்தேன். தண்டவாளத்து ஓரத்துல ஒருத்தன் சாக்கடைத் தண்ணியை மொண்டு அந்தக் கீரை மேல ஊத்துதான். அதே தண்ணியிலயே கீரைக்கட்டை முக்கி அலசுதான். எம் பேரப்பிள்ளையை நானே பைக்குள்ள வச்சுத் தூக்கிட்டு வந்து கொன்னுட்டேன்."

தெரசம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் ஒரே கூரைக்குள் வாழ்ந்த மனிதர், இதை ஒன்றரை வருஷம் தன்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தாரா?

"அப்பா," என்றாள் அமலி. "அதை நீங்களும் தின்னீங்க. அம்மாவும் தின்னாங்க. அதுதான்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே தாயி."

சவரியம்மாள் தோளிலிருந்து பையை இறக்கினாள். மோரியின் கட்டைச் சுவரில் உட்கார்ந்தாள். வந்ததிலிருந்து அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

"அண்ணே, ஒமக்கு அறிவிருக்கா?" என்றாள். "இதை அன்னைக்கே சொல்லக்கூடாதா? நான் இந்தப் பிள்ளையை என்னவெல்லாம் பேசிட்டேன் தெரியுமா? ஒன் வயித்துல பிள்ளை தங்காதுன்னு மூஞ்சிக்கு நேரே சொன்னேன். நேர்ச்சைன்னு ஒம்பது புதன்கிழமை வெறும் வயித்தோட மாஹிம் கோயிலுக்கு நடக்க வச்சேன். அதுவும் வாயைத் தொறக்காம நடந்துது. கெட்ட தண்ணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் அதைப் படுத்தப்போறேன்?"

அமலி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் சேந்து வாயை மூடிக்கிட்டு ஒரு பொண்ணைச் சிலுவை சுமக்க விட்டிருக்கோம். நல்ல குடும்பம்!" வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தாள். கையில் அந்தக் கல் இன்னும் இருந்தது. அதையே முறைத்துப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். "மைனி, ஒரு எலுமிச்சம்பழம் கொண்டாங்க."

"எதுக்கு?"

"கொண்டாங்கன்னா கொண்டாங்களேன்."

கல்லின் உடைந்த பக்கத்தில் எலுமிச்சையைப் பிழிந்தாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சாறு விழுந்த இடத்தில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது.

"பாத்தீரா? எங்கப்பன் சுண்ணாம்புக் காளவாசல்ல கிளிஞ்சல் வாங்கும்போது இப்படித்தான் பாக்கும். இது சுண்ணாம்புக் கல்லு அண்ணே. தண்ணியில கெடந்து கரையுது. சுண்ணாம்புத் தண்ணியில கீரை எப்படி வரும், மீனு எப்படிப் பொழைக்கும்? வெத்தலைக்குத் தடவலாம். இதைப் போயி மூணு வாரமா அலசுனீராக்கும்! அலச அலசப் புதுசா இல்ல கரையும்!"

சூசைமாணிக்கம் கல்லை வாங்கி நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரோட்டுச் சல்லியில நல்லாத்தான் வந்துது," என்றார் மெதுவாக.

"அப்ப எதுக்கு மாத்துனீரு?"

அவர் மனைவியைப் பார்த்தார். தெரசம்மாள் அவரைப் பார்த்தாள்.

"நீங்க வந்து பாக்கும்போது அழகா இருக்கணும்னு..." என்று இழுத்தாள் தெரசம்மாள்.

"எனக்காகவா?" சவரியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எம் மருமக எங்க படுப்பா, என்ன திம்பான்னு பாக்க வந்தேன். கல்லு வெள்ளையா கறுப்பான்னா பாக்க வந்தேன்? புருசனும் பொண்டாட்டியும் சேந்து என்னைப் பைத்தியம் பிடிக்க வச்சுருவீக போலிருக்கே!"

பிறகு அவள் யாரையும் உட்கார விடவில்லை. கீரையை வேரோடு பிடுங்கி எறிந்தாள். கல் மொத்தத்தையும் அவர் கையாலேயே மூட்டையில் அள்ள வைத்தாள். எழுத்திருந்த துண்டுகள் மேலும் ஏழு அகப்பட்டன. அவற்றைத் தன் முந்தானையில் துடைத்துத் தனியாக ஒரு துணியில் முடிந்தாள். தெரசம்மாள் கொண்டுவந்த காப்பியை நின்றபடியே குடித்தாள். சர்க்கரை பத்தவில்லை என்று சொல்லிவிட்டுக் குடித்தாள்.

"டாக்சி பிடியும் அண்ணே. இதை மாஹிம் கோயில் சாமியார்கிட்டக் குடுத்துட்டுப் போறேன். யாரு பெத்த பிள்ளையோ. சாக்கடையில போடக்கூடாது."

மூன்று மூட்டையும் டாக்சியில் ஏறின. அமலி வாசல்வரை வந்து, செருப்பைக் காலால் தேடினாள்.

"அத்தை, நான்?"

"நீ என்ன நீ? கல்லு மூட்டை மேலயா ஒக்காரப்போற? வண்டியில இடம் எங்க இருக்கு?" சவரியம்மாள் அவளைப் பார்க்காமல் டிரைவரைப் பார்த்துப் பேசினாள். "இங்க இரு. கொதிக்க வச்ச தண்ணியைத் தவிர எதையும் தொடாத. ஒங்கப்பன் அடுத்தது என்ன கல்லு போட்டாலும், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாத்துட்டுப் போடச் சொல்லு. நுரைச்சா எனக்கு ஆள் அனுப்பு, நான் வந்து பேசிக்கிடுதேன். பச்சையா வந்த பிறகு மொதல்ல எனக்கு ஒரு கட்டு. நான் தின்னு பாத்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் நீ. புரியுதா?"

"சரி அத்தை."

"வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்காத. உள்ள போ."

அமலியின் கன்னத்தை ஒரு தடவை அழுத்திப் பிடித்தாள். தடவலா கிள்ளலா என்று சொல்லமுடியாத பிடி. பிறகு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, துணி முடிச்சை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பும்போதும் டிரைவரிடம் எதையோ கடிந்துகொண்டுதான் போனாள்.

சூசைமாணிக்கம் தெருவிலேயே நின்றார். "கருங்கல் சல்லி நாளைக்கே..." என்று ஆரம்பித்தார்.

"மொதல்ல உள்ள வாங்க," என்றாள் தெரசம்மாள். "கையைக் கழுவுங்க. அப்புறம் எங்கிட்டச் சொல்லாம வச்சிருக்கது இன்னும் என்னென்னன்னு உக்காந்து சொல்லுங்க."

அவர் உள்ளே வந்தார். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.